இறக்கைக்கு உள்பக்கம் எது?

அந்தக் காலத்தில் பறவையும் பூச்சியும் நிறமில்லாமல்தான் பிறந்தன. நிறம் வேண்டுமென்றால் தையல்காரனிடம் போய்த் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காட்டில் தையல்காரன் என்று இருந்தவன் தையல்சிட்டு ஒருவன்தான். அலகே ஊசி. தையல் அவ்வளவு பொடிசாக விழும். மேல் கீழ், நீளம் அகலம் என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்குத் தலை சுற்றும்.

கரிச்சான் குருவிக்கு வால் தைக்கும்போது அப்படித்தான் ஆனது. குறுக்கே வெட்ட வேண்டிய துணியை நெடுக்கே வெட்டிவிட்டான். வால் இரண்டாகப் பிளந்து நின்றது. "இதுதான் புது மாடல்" என்று சொல்லிச் சமாளித்தான். கரிச்சான் வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு போனான். நடுவில் விழுந்த கறுப்புத் துணியைத் தையல்சிட்டின் மனைவி எடுத்துத் தன் சுரைக்குடுக்கைக்குள் போட்டு வைத்தாள். மாங்குயிலின் மஞ்சளில் மிஞ்சியது, மின்சிட்டின் சிவப்பில் மிஞ்சியது எல்லாம் அதற்குள்தான் கிடந்தன.

ஒருநாள் காலையில் வெள்ளச்சி என்ற வண்ணத்துப்பூச்சி வந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை.

"அண்ணே, இறக்கைக்கு ஒரு கரை வெச்சுக் குடுங்க."

"கரையா? என்ன, கல்யாணமா?" என்றான் தையல்சிட்டு.

"சாவு. நேத்து எங்க அக்காவைக் கரிச்சான் புடிச்சான். ஒரு கடி கடிச்சுட்டுத் துப்பிட்டான். புழுவா இருந்தப்போ நாங்க தின்ன இலை அப்படி, உடம்பு பூரா கசப்பு. துப்பி என்ன செய்ய? அக்கா எந்திரிக்கவே இல்ல."

"கசப்புன்னு அவனுக்குத் தெரியாதா?"

"வெள்ளையாத் திரியிறவங்க எத்தனையோ பேரு. அவங்க ருசி, நாங்க கசப்பு. பாத்தா எல்லாரும் ஒண்ணுதான். வாயில வெச்ச பிறகு தெரிஞ்சு என்ன பிரயோசனம்? கண்ணால பாக்கும்போதே தெரியணும். இல்லாட்டி அடுத்தது நான்தான்."

மனைவி குடுக்கையைக் கவிழ்த்தாள். கொட்டியதெல்லாம் விரல் அகலத் துண்டுகள். இறக்கையின் ஓரம் முழுக்க வருகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

"நீளம் பத்தாதே" என்று தையல்சிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டுப் போட்டா பத்தும். கரைன்னா ஒரே துணியா இருக்கணும்னு சட்டமா என்ன? துணி கிழியிறதுக்கு முன்னால கிழியத்தான் கரை வெக்கிறோம்" என்றாள் மனைவி.

அவளே துண்டுகளை வரிசையாக வைத்தாள். ஒரு சிவப்பு, பக்கத்தில் கரிச்சானின் கறுப்பில் ஒரு கீற்று, மறுபடி சிவப்பு, மறுபடி கறுப்பு. உள்ளே தள்ளி மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறித்தது.

தையல்சிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு நின்றான். "எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

"வெளிப்பக்கம்" என்றாள் வெள்ளச்சி.

"அதான் கேக்கிறேன். சட்டைன்னா உடம்புல படுறது உள்பக்கம். இறக்கைக்கு ரெண்டு பக்கமும் காத்துதானே? வெளிப்பக்கம் எது?"

வெள்ளச்சி இறக்கையை விரித்துக் காட்டினாள். "இது அண்ணே." பிறகு வழக்கம்போல மூடினாள். "அய்யய்யோ, இப்ப அது உள்ள போயிருச்சே!" மறுபடி விரித்தாள், மூடினாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பறக்கும்போதுதானே அவன் புடிக்கிறான்? மேலாப்புல, முதுகுப் பக்கமா வையுங்க" என்று முடிவு சொல்லிவிட்டு மனைவி நூலுக்குச் சிலந்தி வீட்டுக்குப் போனாள்.

மேலாப்பு, மேலாப்பு என்று முணுமுணுத்தபடியே தையல்சிட்டு வேலையைத் தொடங்கினான். ஆனால் கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எந்த உடுப்பையும் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுத் தைத்து, கடைசியில் புரட்டி எடுப்பதுதான் அவன் வழக்கம். அதே ஞாபகத்தில் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டான். அடிப்பக்கத்தில் கரையை வைத்துத் தைத்தான். கையில் இருந்த கறுப்பு நூலில் முடிச்சும் போட்டான். பிறகு புரட்டப் பார்த்தான்.

இறக்கை என்ன பையா, புரட்டுவதற்கு?

நூலோடு திரும்பி வந்த மனைவி வெள்ளச்சியின் முதுகைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கறுப்புத் தையல் கோடுகள் மட்டும் ஓடின.

"கரை எங்க?"

"அடியில இருக்கு. புரட்டணும்."

"புரட்டுங்க, பாப்போம்."

அவன் இறக்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"வந்தவ உசிரு கேட்டு வந்தா. நீங்க பண்ணினதுதான் புரட்டு" என்றாள். பிரித்துத் தைக்கலாம் என்றால் முதல் இழையை இழுத்ததுமே இறக்கையில் கீறல் விழுந்தது. விட்டுவிட்டார்கள். வெள்ளச்சி எழுந்து பறந்தாள்.

உச்சிக் கிளையில் கரிச்சான் இருந்தான். மேலேயிருந்து பார்த்தால் இன்னொரு வெள்ளைப் பூச்சி, அவ்வளவுதான். பாய்ந்தான். வெள்ளச்சி பயத்தில் கைக்குக் கிடைத்த பூவைப் பிடித்து இறக்கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வெள்ளை காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் பளீரென்று நின்றன. அடியில் தைத்தது எப்படி வெளியே வந்தது என்று தையல்சிட்டுக்கு விளங்கவில்லை. கரிச்சானும் அந்தரத்தில் திகைத்தான்.

"ஏ தையக்காரா! இது என் வால் துணியாச்சே!"

"அது கசப்புண்ணே! நேத்துத் துப்பினீங்களே, அதே சாதி! தொடாதீங்க!" என்று கத்தினான் தையல்சிட்டு.

"உன் பேச்சை நம்பித்தான் ரெட்டை வாலோட திரியிறேன்" என்று சொல்லி ஓரமாக ஒரு கொத்துக் கொத்தினான். ஒரு சிவப்புத் துண்டும் இறக்கையின் விளிம்பும் அவன் வாயோடு போயின. அடுத்த நொடியே துப்பினான். மரப்பட்டையில் அலகைத் தேய் தேயென்று தேய்த்தான். "தூ! இந்தக் கரையைக் கண்டா இனி அந்தத் திசைக்கே வரமாட்டேன்."

"மதினி, கரை கிழிஞ்சிருச்சே" என்றாள் வெள்ளச்சி.

"கிழியட்டும். நீ முழுசா இருக்கியே."

"அப்போ, நான் சரியாத்தான் தச்சிருக்கேனா?" என்று கேட்டான் தையல்சிட்டு.

அன்று முதல்தான் அந்த வண்ணத்துப்பூச்சி விரித்தால் கறுப்புக் கோடு ஓடிய வெள்ளையாகவும், மூடினால் ஒட்டுப்போட்ட கரையோடும் இருக்கிறது. தையல்சிட்டின் வீட்டிலும் தையல் வேலை மனைவியிடம் போய்விட்டது. இறக்கையை அவள் தொடுவதில்லை. மேல் எது, கீழ் எது என்று சந்தேகமில்லாத இலையை மட்டும்தான் தைக்கிறாள். அவன் பக்கத்துக் கிளையில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, பொழுது முழுக்க "எதுடீ, எதுடீ, எதுடீ" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.