ஆற்று நீரில் விட வேண்டிய நூல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் புது நூல் அரங்கேறும்போதெல்லாம் நாற்பது பண்டிதர்கள் சேர்ந்தாற்போல் தலையாட்டுவார்கள். ராஜாவும் ஆட்டுவார். ஒரு நாள் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"இத்தனை வருஷமாக எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை!" என்றார் ராஜா. "இனி நூல் எழுதியவர்கள் சந்தைக்குப் போய் அதை ஜனங்களிடம் சொல்ல வேண்டும். எதைப் பற்றிய நூல் என்று அவர்களுக்கு விளங்கினால்தான் அரங்கேற்றம்."

பண்டிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. விகடன் செங்கோடனுக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. சபையைச் சிரிக்க வைத்துப் பிழைப்பவன்தான் அவன். ஆனால் பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் ஒரு நூல் எழுதியிருந்தான். கூகைமலையில் மேகம் கவிந்தால் ஊர் ஆற்றில் எப்போது வெள்ளம் வரும் என்பதே அதன் பொருள். மஞ்சள் பூசிய தேங்காய்களை மலையடியில் ஆற்றில் விட்டு, அவை சந்தைத்துறைக்கு எத்தனை நாழிகையில் வந்து சேருகின்றன என்று எண்ணி எண்ணி எழுதியது. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அவன் நினைத்திருந்தான்.

தலைமைப் பண்டிதர் வாகீசர் விடுவாரா?

"மகாராஜா, விகடன் நூல் எழுதுவது கல்விக்கே கேலி. அவன் தன் நூலில் உள்ள வரிகளை மட்டும்தான் சொல்ல வேண்டும். வேறு விளக்கம் கூடாது. கேட்ட ஜனங்கள் சிரித்துவிட்டால் நூலை ஆற்று நீரில் விட்டுவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கோடையில் அந்த ஆறு வறண்டு கிடக்கும். வாரச் சந்தை கூடுவதே ஆற்று மணலில்தான். அன்று ராஜாவும் பண்டிதர்களும் ஜனங்களோடு மணலில் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் வாகீசர் தம்முடைய புது இலக்கண நூலை எடுத்துரைத்தார். நான்கு நாழிகை ஓடியது. ஒரு மாட்டு வியாபாரி எழுந்து, "சாமி, இது மாட்டுக்கா மனுசனுக்கா?" என்று கேட்டான். பாதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள்.

செங்கோடன் எழுந்தபோது அவன் கண் கூகைமலைப் பக்கம் போனது. மலை தெரியவே இல்லை. கறுத்த மேகம் மூடியிருந்தது. வாகீசர் ஆரம்பித்தபோது கவிந்த மேகம். நான்கு நாழிகை ஏற்கெனவே போய்விட்டது. உடனே உரத்த குரலில் தன் நூலைப் படித்தான்.

"கூகை மலைமேல் கார்முகில் கவியின்
ஐந்தாம் நாழிகை ஆற்றில் வெள்ளம்;
மணலில் நிற்பீர், மேட்டுக் கேகுமின்!"

தலைக்கு மேலே சுட்டெரிக்கும் வெயில். சந்தையே கொல்லென்று சிரித்தது. அவன் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய ஊர் அது. மறுபடியும் படித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அழுது காட்டுறாரு பாரு!" என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"நிபந்தனைப்படி நூலை ஆற்றில் விடட்டும்!" என்று வாகீசர் துள்ளி எழுந்தார்.

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மகாராஜா, ஆற்று நீரில் விட வேண்டும் என்பதல்லவா ஆணை? இங்கே மணல்தான் இருக்கிறது. நீர் வர இன்னும் அரை நாழிகை ஆகும். கரைமேல் நின்று காத்திருந்து, வந்ததும் என் கையாலேயே விடுகிறேன். ஆனால் மானம் போகிற காரியம். ஜனங்கள் யாரும் பார்க்க வேண்டாம்."

"பார்க்க வேண்டாமா? ஊரே பார்க்க வேண்டும்!" என்றார் வாகீசர். "எல்லோரும் கரையேறுங்கள்! ஒருவர்கூடப் பாக்கி இருக்கக் கூடாது!"

"கடையப் போட்டுட்டு எப்படிச் சாமி வாரது?" என்றாள் உப்புக்காரி வடிவம்மை.

"மூட்டையோடு ஏறு!"

சேவகர்களை விட்டு மூட்டைகளையும் மாடுகளையும் கரையேற்றினார். நடக்க முடியாத கிழவர்களைத் தாமே கைபிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எதிரியின் அவமானத்தைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

எல்லோரும் ஏறி மூச்சு வாங்குவதற்குள் மேற்கே ஓர் இரைச்சல் கேட்டது. செந்நீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒரே வாயில் விழுங்கியது.

செங்கோடன் கரையோரம் போய்ச் சுவடியை நீருக்கு மேலே நீட்டினான். ஆணை ஆணைதானே?

வடிவம்மை பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுப் பாரு, உன்னையும் பின்னாலேயே தள்ளிப்புடுவேன்! எப்பத் தண்ணி வரும்னு அதுலதானே எழுதியிருக்கு? எங்க உசுரே அதுல இருக்குய்யா!"

"ஆமா ராசா, வெள்ளம் வர்ற நேரத்தச் சொல்ற புத்தகம் அது!" என்று மாட்டு வியாபாரி கத்தினான். கரை முழுவதும் அதையே சொன்னது.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மணிமுடி சரியச் சரியச் சிரித்தார். "வாகீசரே, உம்முடைய தயவால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் நூல் விளங்கிவிட்டது!" என்று சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

மறுநாளே அரங்கேற்றம். பண்டிதர்களின் வரிசையில் நாற்பத்தோராவது பலகை போட்டு வடிவம்மையை உட்கார வைத்தார்கள். செங்கோடன் எழுந்து படித்தான். அவன் வாயைத் திறந்தும் சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவன் சபைக்கு வந்த இருபது வருஷத்தில் அதுவே முதல் தடவை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வடிவம்மை தலையாட்டினாள். ராஜா கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டு, இந்த முறை விளங்கியே தலையாட்டினார்.