போனது ஒருவன், வந்தது இருவர்

உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் எலும்பின் உறுதியைச் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. குதிகாலை அதன் நடுவில் வைத்தால், மனிதக் காதுக்கு எட்டாத ஓர் ஒலி ஒரு பக்கத்திலிருந்து கிளம்பும். தோல், சதை, எலும்பு எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும். அங்கே, வந்து சேரும் ஒலியை அளந்து திரையில் முடிவு எழுதுவதற்காக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கருவியின் கணக்கு.

கணக்குக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வருகிற ஒலியை நிறுத்தி வைத்து விசாரிக்கும். "எப்போது கிளம்பினாய்? வழியில் எங்கே நின்றாய்?" என்று குடையும். அது நம்பிய ஒரே ஆள் ஒரு பிளாஸ்டிக் கட்டை. தினமும் காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆபரேட்டர் சகாயம் அந்தக் கட்டையை நடுவில் வைப்பார். உள்ளே போகும் ஒலி ஒன்றாகவே, சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.

"உலகத்தில் நீதான் யோக்கியன்" என்று கணக்கு கட்டையிடம் சொல்லும். எலும்பும் இப்படித்தான் இண்டு இடுக்கில்லாமல் கெட்டியாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு படமும் வரைந்து வைத்திருந்தது.

ஒருநாள் உப்பளக் கங்காணி இசக்கிராஜா, பேச்சிக்கனி என்ற பெண்ணை அழைத்து வந்தார். உப்புக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, பலகை வழியாக அம்பாரமாய்க் குவிந்த உப்பின் மேல் ஏறிக் கொட்டுவது அவள் வேலை.

"குதிகால் வலிக்கின்னு சொல்லுதா சார். உக்காந்து சாக்கு தைக்கிற வேலை வேணுமாம். நெசமா நடிப்பான்னு பாத்துச் சொல்லுங்க."

"நடிச்சா எனக்கு என்ன கெடைக்கப்போவுது அண்ணாச்சி? கால ஊனுனா உயிரு போவுது" என்றாள் பேச்சிக்கனி.

சகாயம் அவள் குதிகாலில் பசையைத் தடவிக் கருவியில் வைத்தார். ஒலி கிளம்பியது.

மறுபக்கம் வந்ததோ இரண்டு பேர். முதலில் வந்தவன் வேகன். நூலாய் இளைத்திருந்தான். அவனுக்குப் பின்னால், ஆடி அசைந்து, கொழுகொழுவென்று வந்தான் மெல்லன்.

கணக்குக்கு உடனே மூக்கில் வியர்த்தது. "அந்தப் பக்கம் கிளம்பியது ஒருவன். நீங்கள் இரண்டு பேர். இதில் ஒருவன் திருடன்."

பசையைக் கூப்பிட்டு விசாரித்தது. "நான் வழி விடுகிறவன் மட்டும்தான். என்னை வம்பில் இழுக்காதீர்கள்" என்று பசை நழுவிக்கொண்டது. தோலைக் கேட்டது. "உள்ளே போனது ஒருவன்தான். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது" என்றது தோல்.

"நாங்கள் இருவரும் அந்த ஒருவன்தான்" என்றான் வேகன். "எலும்புக்குள் நுழைந்ததும் பிரிந்துவிட்டோம். நான் எலும்புச் சுவர் வழியாக ஓடி வந்தேன். சுவரெல்லாம் இற்றுக் கிடந்தது, அதான் இளைத்துவிட்டேன்."

"நேரத்துக்கு வந்திருக்கிறாய். உன்னை விடுகிறேன்" என்றது கணக்கு. இற்ற சுவர் பற்றி அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெல்லனைப் பார்த்துத் திரும்பியது. "நீ எங்கேடா சுற்றிவிட்டு வருகிறாய்?"

"நான் மஜ்ஜை வழியாக வந்தேன். ஓட்டை ஓட்டையாக இருந்தது ஐயா. சுவரை விட ஓட்டைதான் அதிகம். அதனால்தான் என் பங்கு பெருத்துவிட்டது. அந்தப் பெண்ணைச் சுமை தூக்க விடாதீர்கள்."

"எலும்பில் ஓட்டையா? என் படத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்று சிரித்தது கணக்கு. "யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்."

அதற்குள் மெல்லன் தேய்ந்துகொண்டிருந்தான். ஒலிக்கு ஆயுசு அவ்வளவுதான். கணக்கு அவன் பெயரை அடித்துவிட்டு, வேகன் வந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரையில் எழுதியது: நலம்.

"நான் சொல்லல?" என்றார் கங்காணி.

பேச்சிக்கனி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வலிக்கது எனக்கு. அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். சகாயம் பசையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். அவள் குதிகாலைத் தரையில் வைக்காமல் விந்தி விந்தி வெளியே போனாள். அதுவும் நடிப்பு என்றே கங்காணி நினைத்தார்.

மறுநாள் காலை சகாயம் வழக்கம்போல் கட்டையை நடுவில் வைத்தார். ஒலி ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது.

"பார்த்தாயா? நேற்று அந்த மெல்லன் என்னையே ஏமாற்றப் பார்த்தான்" என்று பெருமையாகச் சொன்னது கணக்கு.

"நான் எலும்பு இல்லையே" என்றது கட்டை. "எனக்குள் சுவரும் கிடையாது, மஜ்ஜையும் கிடையாது. பிரிந்து போக வழியே இல்லாததால்தான் ஒலி ஒன்றாக வருகிறது."

கணக்கு திடுக்கிட்டது. "இத்தனை நாளாக இதை ஏன் சொல்லவில்லை?"

"நீ சந்தேகப்படுகிறவர்களைத்தானே விசாரிப்பாய்? என்னை ஒருநாளும் விசாரித்ததில்லையே."

அந்த நேரத்தில் உப்பளத்தில், தலையில் கூடையோடு, பேச்சிக்கனி பலகையில் கால் வைத்தாள்.