விசாரணை ஜன்னல்

மதிவாணனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருக்குக் குருவாக வாய்த்த ரெஜினாவுக்கு முப்பத்தொன்று. மாவட்ட ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் அறையில் மதிவாணன் மூன்று நாள் பழகிய ஆலோசகர். ரெஜினாவோ பன்னிரண்டு வருடமாக அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு, அங்கேயே வேலையும் பார்ப்பவர்.

அன்று காலை சற்குணம் என்ற பெண்ணின் படிவம் மேஜைக்கு வந்தது. மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள். முந்தின நாள் மத்தியானம்தான் ரெஜினா அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மதிவாணன் கையெழுத்துப் போட்டால் ரெஜினா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

"மாட்டேன் மேடம். மாத்திரை இலவசம், டாக்டர் இலவசம், பஸ்ஸும் இலவசம். வர்றதுக்கு என்ன கேடு? ஏன் வரலை?"

ரெஜினாவுக்கு மூக்கு விடைத்தது. நோயாளிகள் கொண்டுவரும் பச்சைப் புத்தகத்தில் புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைக் கையில பிடிச்சுக்கிட்டு, வாசல்ல விசாரணை ஜன்னல்ல நின்னு, 'எச்.ஐ.வி. மாத்திரை எங்க குடுக்கறாங்க'ன்னு கேட்டுட்டு வாங்க சார்."

"எனக்குத்தான் தெரியுமே!"

"கேளுங்க."

பெரிய வித்தையா இது? விறுவிறுவென்று போனார் மதிவாணன். வரிசையில் நின்றார். முன்னால் நான்கு பேர். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் ஒலிபெருக்கியை முழுங்கியவர்போல், "மூலமா? மூலத்துக்கு மாடிக்குப் போ!" என்று ஒரு பெரியவரை ஊருக்கே அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

மதிவாணன் புத்தகத்தைத் தினத்தாளுக்குள் செருகினார். பிறகு தினத்தாளைச் சட்டைக்குள் செருகினார்.

"அட, நம்ம சாரு!" முதுகில் ஒரு தட்டு. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தண்டபாணி. "ஆபீஸ் வேலைன்னீங்க, நோயாளி வரிசையில நிக்கிறீங்க? உடம்புக்கு என்ன? வீட்ல புள்ளைங்க இருக்குதுங்களே, ஒட்டுற வியாதி கிடையாதே?"

"அடுத்தது! என்ன உனக்கு? வாயத் தொறந்து சொல்லு!" என்றது ஜன்னல்.

"கண்ணு..." என்றார் மதிவாணன். "கண் டாக்டர் எங்கம்மா?"

"எனக்கும் கண்ணுதான் சார், வாங்க!" என்று தண்டபாணி தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். போனவர் விட்டாரா? பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மதிவாணன் சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து. எல்லாமே மங்கல்.

"கேட்டீங்களா சார்?"

"வீட்டுக்காரர் வந்துட்டாரு மேடம். நாளைக்குப் போய்க் கேட்டுடறேன்."

"நாளைக்கு யாரு வருவாங்க? மச்சானா? பையனோட வாத்தியாரா?" என்றார் ரெஜினா. "உங்களுக்கு நோயே இல்லை சார். வெறும் புத்தகம்தானே குடுத்தேன்?"

மதிவாணன் மேஜையைத் துழாவினார். "படிவத்தைக் குடுங்க. எந்த இடத்துல போடணும்?"

ரெஜினா அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைத்தார். அவர் போட்டார். பிறகு தயங்கிக் கேட்டார்:

"நேத்து மத்தியானம் சற்குணம் வீட்டுக்குப் போனீங்களே. ஏன் வரலைன்னு என்ன சொன்னாங்க?"

"எங்க சொல்ல? வாய் நிறையப் பஞ்சு. நேத்து காலையில இதே ஜன்னல் வரைக்கும் வந்திருக்காங்க. பின்னால அவங்க நாத்தனார். பல் டாக்டர்கிட்ட போய், வலிக்காத பல்லைப் புடுங்கிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."