தலை சாய்த்து விழுங்கியவர்

முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், ஈரப் பலகையை மொட்டை ரம்பத்தால் யாரோ மெதுவாக அறுப்பதுபோல் வந்தது. அடுப்படியில் எலி என்று நினைத்து விளக்கைப் போட்டேன். சத்தம் என் பக்கத்தில் படுத்திருந்த மகள் ஜொவிட்டாவின் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

அன்று முதல் வாசல் கதவைத் தாழ் போடாமலே படுத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், துருப்பிடித்த அந்தத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியுமா? கள்ளன் வந்தால் என்ன செய்வாய் என்று கணவர் ரோமால்ட் கேலி செய்தார். வந்தால் பொருள்தானே போகும் என்றேன்.

குழந்தை மருத்துவர் வீசிங் என்று சொல்லி ஆவி மருந்து கொடுத்தார். அதில் ஒரு மாற்றமும் இல்லை. கட்டியான ஆகாரம் கொடுக்கத் தொடங்கியதும் சத்தம் கூடியது. தூக்கத்தில் அவள் தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டால் குறையும். நான் பாசத்தோடு நேராக்கித் தலையணை வைத்தால் மறுபடி வரும். கதை கேட்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

இனி, இந்த வீட்டில் இப்போது இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமால்டின் அண்ணன் இஞ்ஞாசி, ஜொவிட்டாவுக்குப் பெரியப்பா. அவள் பிறக்கும் முன்பே சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அவர் சாப்பிடுவதே ஒரு வேடிக்கை. ஒரு கவளம், ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு கோழி நீர் குடிப்பதுபோல் தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவார். ஒரு இலையை முடிக்க மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு நேரமாகும். "இஞ்ஞாசி உட்கார்ந்த பந்தியில பாயசத்த எதிர்பார்க்காதீங்க, அது அடுத்த பந்திக்குத்தான் வரும்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதை ஒரு நோயென்று யாரும் நினைக்கவில்லை. அவருடைய குணம் என்றுதான் நினைத்தோம்.

அவர் தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். அங்கே உடற்கூறு கற்பிக்கும் டாக்டர் வசுமதியிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கியிருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. உள்ளே எதைக் கண்டாலும் வீட்டுக்குச் சொல்லக்கூடாது. "சீலி மனசுல நான் முழுசா இருக்கணும், டாக்டர்" என்றாராம்.

சீலி என்பது அவர் மனைவி, என் ஓரகத்தி அருள்சீலி அக்கா. இதே வீட்டில்தான் இருக்கிறார். அக்காவுக்குக் கணவருடையது என்று போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் குழியில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அக்கா கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கும் பொதுச் சிலுவையின் அடியில் ஏற்றிவிட்டு வருவார். கல்லூரியில் என்ன செய்வார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

உடல் தந்தவர்களுக்கு அந்தக் கல்லூரியில் வருடம் ஒருமுறை அஞ்சலிக் கூட்டம் நடக்கும். இந்த வருடம் எல்லோரும் போனோம். கூட்டம் முடிந்து டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஜொவிட்டா ஒரு துண்டை வாயில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். ரம்பச் சத்தம் வந்தது. எங்களோடு பேசிக்கொண்டிருந்த டாக்டர் வசுமதி பேச்சை நிறுத்திவிட்டார். எப்போதும் இப்படித்தான் விழுங்குவாளா என்று கேட்டார். ஆமென்றேன். நெஞ்சுக்குச் சாயம் ஏற்றி ஒரு ஸ்கேன் உடனே எடுத்துவிடுங்கள் என்றார்.

காரணம் என்ன என்று ரோமால்ட் கேட்டார்.

"காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்ல. எடுத்துடுங்க."

ரோமால்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு மயக்க மருந்து கொடுத்துக் குழந்தையை அசையாமல் கிடத்த வேண்டும். காரணமே தெரியாமல் என் பிள்ளையைக் கிடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அன்றிரவு சத்தம் முன்னைவிடப் பலமாக இருந்தது.

விடிந்ததும் அக்கா தனியாகக் கல்லூரிக்குப் போனார். பன்னை விழுங்கச் சாய்ந்த அந்தத் தலையை, நாங்கள் பார்க்காத விதத்தில் அவர் பார்த்திருந்தார். சொல்ல உரிமை இல்லை என்றீர்களே, என் கணவரிடம் ஏதும் வாக்குக் கொடுத்தீர்களா என்று டாக்டரிடம் கேட்டாராம். டாக்டர் தலை குனிந்தாராம்.

"எனக்காகத்தானே சொல்ல வேண்டாம்னார்? நானே கேக்கேன், சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் இஞ்ஞாசியின் உடலில் முன்பக்கமாகப் போகாமல், உணவுக்குழாய்க்குப் பின்னால் வளைந்து அதை அழுத்திக்கொண்டு போயிருந்தது. இப்படி உள்ளே வேறு விதமாக அமைந்தவர்கள் உண்டு, பலர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள், ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருவது அபூர்வம் என்றார். ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து, அதை எப்படித் திறந்து கண்டார்கள் என்பது உட்பட ரோமால்டிடம் ஒன்று விடாமல் சொன்னார். அன்று அக்கா சாப்பிடவில்லை.

வாக்கையும் மீறாமல் குழந்தையையும் கைவிடாமல் பாதி வார்த்தை சொன்னவர் டாக்டர். பாதி வார்த்தையை நம்பிப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றவர் தகப்பன். இறந்த கணவர் மூடிவைத்ததைத் திறக்கச் சொன்னவர் மனைவி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எனக்குத் தெரிந்தவரை, அக்கா. டாக்டரின் பாதி வார்த்தை இல்லாவிட்டால் அக்கா போயிருக்க மாட்டார். காரணம் கேட்ட தகப்பனையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருடைய நிம்மதிக்காக வாங்கிய வாக்கை, அவரே தம் நிம்மதியைக் கொடுத்துத் திறந்தால், அது மீறல் ஆகாது. ரோமால்ட் சம்மதித்து எடுத்த ஸ்கேனில் அதேபோல் வளைந்த குழாய் தெரிந்தது. ஒரு நாரும் அதோடு சேர்ந்து மூச்சுக்குழாயை வளையம்போல் கவ்வியிருந்தது. போன மாதம் அந்த நாரை வெட்டிவிட்டார்கள். நசுங்கிய மூச்சுக்குழாய் கெட்டிப்பட நாளாகும், அதுவரை சத்தம் இருக்கும் என்கிறார்கள். இதை எழுதும்போதும் கேட்கிறது, மெலிதாக. அக்கா இப்போதெல்லாம் சாப்பிடும்போது, இஞ்ஞாசி உட்கார்ந்து சாப்பிட்ட எதிர் நாற்காலியைப் பார்ப்பதில்லை. சற்று முன் வந்து, குழந்தையின் நெஞ்சருகே குனிந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "மூச்சு வருது. நீ படு" என்றார். பிறகு வாசலுக்குப் போய், இத்தனை மாதம் நான் தொடாத அந்தத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளி, உள்ளிருந்து போட்டார்.