தொடாமல் பார்த்த படகு

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஆறு பேர், சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு படகு வாங்கப் போனார்கள். கடையில் ஒன்றே ஒன்றுதான் நின்றது: அடியில் ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய்.

"அடைச்சு ஒரு மாசமாச்சு, பொட்டுக் காத்து இறங்கல" என்று அளந்தார் முதலாளி துரைசிங்கம்.

கூட வந்த சமையற்காரி செல்வராணி குழாயை அமுக்கிப் பார்க்கக் கை நீட்டினாள்.

"ஏய், மீன் கையை எடு! தொடாமலே குறை சொல்லு பார்ப்போம். சொன்னா பாதி விலை!"

அவள் மூலையில் கிடந்த மின்சாரப் பம்பைத் தொட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு மாசமா சும்மா கிடக்கிற பம்பு இப்படிச் சுடுதே, காய்ச்சலா?"

துரைசிங்கம் முகம் வெளுத்தது. "சரி சரி, பாதி விலைக்கே எடுத்துக்கிடுங்க."

"எதுக்கு, எங்காளுகளைப் பாதிக் கடல்ல இறக்கிவிடவா?"

ஆறு பேரும் விட்ட நிம்மதிப் பெருமூச்சில் அந்தப் படகுக்கு இன்னொரு தடவை காற்றடைத்திருக்கலாம்.