நானூற்றுப் பன்னிரண்டு ‘ம்’

முன்னொரு காலத்தில், ஏழு குளமும் ஒரு மலையும் கொண்ட நாட்டில் மாறவேள் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய ராணி இளவெயினி. ஒரே மகள் பூங்கோதை, வயது ஆறு.

ஒருநாள் ஒரு மந்திரவாதி வந்து, ராஜாவுக்கு ஒன்றும் ராணிக்கு ஒன்றுமாகப் பளிங்குப் பலகை கொடுத்தான். விரலால் தடவினால் ஐம்பத்தாறு தேசமும் அதில் தெரியும்.

“குழந்தை கையில் மட்டும் கொடுக்காதீர்கள்” என்றான். அவர்களும் கொடுக்கவில்லை.

“அம்மா, குளத்துல ஆமை வந்திருக்கு.”

“ம்” என்றாள் ராணி, பலகையைத் தடவியபடி.

“அப்பா, ஆமை முட்டை போட்டிருக்கு.”

“ம்” என்றார் ராஜா, பலகையைத் தடவியபடி.

“ஆமை என்னைத் தின்னுடுச்சு.”

“ம்” என்றார்கள் இருவரும்.

ஒவ்வொரு ‘ம்’முக்கும் பூங்கோதையிடமிருந்து ஒரு சொல் உதிர்ந்தது. கடைசியில் ‘ம்’ மட்டும் மிஞ்சியது. சாப்பிடக் கூப்பிட்டாலும் ‘ம்’. காலில் முள் குத்தினாலும் ‘ம்’. குனிந்த தலையோடு ஓர் ஓட்டுச் சில்லைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ராணி சில்லைப் பிடுங்கி எறிந்தாள். மகள் ஒரு மாவிலையைத் தடவினாள். ராணி இலையைப் பிடுங்கி எறிந்தாள். மகள் தன் உள்ளங்கையையே தடவினாள். அதை எப்படிப் பிடுங்குவது?

மந்திரவாதியை வரவழைத்தார்கள்.

“நாங்க அவ கையில கொடுக்கவே இல்லையே” என்றார் ராஜா.

“கண்ணுக்குக் கொடுத்துட்டீங்களே, மகாராஜா.”

“பலகையை உடைச்சிடட்டுமா?” என்றாள் ராணி.

“உடைச்சா பலகைதான் போகும். மந்திரம் உங்க கழுத்துல இருக்கு. அவ முகத்தைப் பார்க்காம நானூற்றுப் பன்னிரண்டு ‘ம்’ சொல்லியிருக்கீங்க. நான் எண்ணிவெச்சிருக்கேன். அத்தனை மூச்சு அவ முகத்தைப் பாருங்க. நடுவுல குனிஞ்சா மறுபடி ஒண்ணுல இருந்து. இன்னைக்குச் சூரியன் மறையறதுக்குள்ள முடியலேன்னா அவ சொல்லு திரும்பாது.”

இருவரும் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தொண்ணூறாம் மூச்சில் பலகை கிணுகிணுத்தது, ராஜா குனிந்தார்.

“நல்லா இருக்கு, போங்க” என்றாள் ராணி.

மறுபடி ஒன்று. முந்நூற்று நாற்பதில் கிணுகிணுத்தது, ராணி குனிந்தாள்.

“இப்போ நல்லா இருக்கா?” என்றார் ராஜா.

மறுபடி ஒன்று. இம்முறை பலகைகள் கிணுகிணுத்தன, பாடின, விம்மி அழுதன. யாரும் குனியவில்லை. வெயில் மலையில் இறங்கியது. நானூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பலகைகள் இரண்டும் வெறுங்கல்லாயின. பூங்கோதை மெல்லத் தலையைத் தூக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

“அம்மா, உன் மூக்குல மச்சம் இருக்கு.”

“பிறந்ததுல இருந்தே இருக்குடி, கண்ணு.”

“எனக்குத் தெரியவே தெரியாது.”

“எனக்கும்தான்” என்றார் ராஜா, மெதுவாக.

அதன்பின் மூவரும் முகம் பார்த்துப் பேசி நெடுங்காலம் நலமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்.