ரேடியோ இல்லாத வீடு

தண்ணி வத்திப்போன ஒரு கண்மாய். அதுக்கு நடுவுல ஒரு பாறை, பாறைமேல ஒரு தகரக் கொட்டாய், கொட்டாய்க்குள்ள ஒரு சாமியாரம்மா. பாறையம்மான்னு சொல்லுவாங்க. திருநீறு கொடுக்க மாட்டாங்க, குறி சொல்ல மாட்டாங்க, போனா கேலிதான் பண்ணுவாங்க. அதனால கூட்டமே கிடையாது.

இருந்தது ஒரே ஒரு சிஷ்யர். பேரு தனக்கோடி. குருவுக்கு அப்பா வயசு இருக்கும். பஸ்ஸுல டிக்கெட் செக்கரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

வந்த அன்னைக்கே அம்மா கேட்டாங்க.

"என்ன வேணும் செக்கரய்யா?"

"மனுச மனசு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும் தாயி."

"யாரு மனசு?"

"பொதுவா."

"பொதுவான மனசெல்லாம் யாருக்கும் கிடையாது. பேரச் சொல்லுங்க."

தனக்கோடி குரலத் தாழ்த்திக்கிட்டார்.

"இந்திராணி. என் சம்சாரம். தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு போனா. வரல. போன் போட்டா சகலைதான் எடுக்குறான். ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு தடவை பேசிப் பாருங்க, அதுக்கு மேல வராதீங்கன்னுட்டான். அதுக்குள்ள அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அடிச்சீங்களா?"

"கை நீட்டுனதே இல்ல."

"திட்டுனீங்களா?"

"இல்ல தாயி."

"சரி. மனுசங்க எப்படிப்பட்டவங்கன்னு நீங்க நினைக்கிறீங்க?"

இந்தக் கேள்வி தனக்கோடிக்குப் பிடிச்சுப்போச்சு. நிமிந்து உக்காந்தார்.

"மனுசன்னாலே பயந்தாங்கொள்ளி தாயி. சர்வீஸ் பூரா பாத்துட்டேன். பஸ்ஸுல ஒருத்தன் நிம்மதியா உக்காந்திருக்க மாட்டான். டிக்கெட்டக் கையில வச்சிருக்கிறவனே சட்டைப் பையத் தடவுவான். பேசிக்கிட்டிருக்கிறவன் வாய மூடிக்குவான். தூங்குறவன் முழிச்சுக்குவான். படைப்பே அப்படி."

"இந்திராணியுமா?"

"அவளுந்தான். நான் உள்ள வந்தா கையில இருக்கிறத கீழ வச்சுருவா. எந்நேரமும் ஒரு பதட்டம். பொறவிக் குணம்."

அம்மா கண்மாய்ப் பொட்டலக் காட்டினாங்க.

"அங்க ஒரு ஆள்காட்டிக் குருவி இருக்கு. அதோட குணம் என்னன்னு பாத்துட்டு வாங்க."

காலையில போனவர், வெயில்ல வெந்து சுருங்கித் திரும்பி வந்தார்.

"என்ன பண்ணுது?"

"கத்துது."

"அப்புறம்?"

"பறந்து பறந்து கத்துது. உக்கார மாட்டேங்குது. இரை எடுக்கல, கூடு கட்டல. கத்துறதுதான் அதுக்குப் பொழப்பு போல."

"நாளைக்கும் போங்க."

மறுநாள் கருவேலஞ்செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சு பாத்தார். பஸ்ஸ மறிக்கிறதுக்கு மரத்துக்குப் பின்னாடி நின்ன மனுசனுக்கு ஒளியவா சொல்லித் தரணும். உடம்பெல்லாம் முள்ளோட வந்தார்.

"ஒளிஞ்சா இன்னும் அதிகமாக் கத்துது தாயி."

"நல்ல குருவி," அப்படின்னு மட்டும் சொன்னாங்க அம்மா.

சனிக்கிழமை வந்துருச்சு. தனக்கோடிக்கு இருப்புக் கொள்ளல.

"குருவி போதும் தாயி. நாளைக்கு நான் போகணும். என் சம்சாரத்தப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

"உள்ள வாங்க."

ரெண்டு பேரும் கொட்டாய்க்குள்ள போனாங்க. அம்மா கதவச் சாத்தினாங்க. வெளிய குருவி கத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் விட்டு விட்டுக் கத்துச்சு. அப்புறம் சத்தத்தையே காணோம். தகரத்துல காத்து உரசுறது மட்டும் கேட்டுச்சு.

"குருவி என்ன பண்ணுது?"

"கத்தல."

"கத்தாம என்ன பண்ணுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கதவுதான் சாத்தியிருக்கே."

"எனக்கும் தெரியாது. நான் இங்க வந்து எத்தனையோ வருசமாச்சு. அது முட்டைமேல உக்காந்து நான் பாத்ததே இல்ல. ஆனா வருசா வருசம் குஞ்சு பொரிக்குது."

தனக்கோடி சாத்துன கதவையே பாத்துக்கிட்டு அவராப் பேச ஆரம்பிச்சார்.

"பக்கத்து வீட்டு வாத்தியார் ஒரு தடவை சொன்னார் தாயி. பகல்ல உங்க வீட்டு ரேடியோவுல பாட்டு ரொம்ப நல்லா வருது, கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்கன்னார்."

"வச்சாங்களா?"

"எங்க வீட்டுல ரேடியோவே கிடையாது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தேடுனேன்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியாம வாங்கி ஒளிச்சு வச்சிருக்காளோன்னு தேடுனேன். அரிசிப் பானையக் கவுத்துப் பாத்தேன். டிரங்குப் பெட்டியத் தொறந்து சேலைய ஒண்ணொண்ணா உதறுனேன். அவ சுவத்தோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ரேடியோவும் கிடைக்கல."

"அப்புறம் வாத்தியார் ஏதாவது சொன்னாரா?"

"என்ன சார், ரேடியோ ரிப்பேரான்னு கேட்டார்."

கேலி பண்ண அவ்வளவு தோதா ஒரு இடம் கிடைச்சும் அம்மா பண்ணல.

"இப்பவும் வீட்டுக் கதவ நான் சத்தமில்லாமத்தான் தொறக்கிறேன் தாயி," அப்படின்னார் தனக்கோடி. "பழக்கம். உள்ள பதறுறதுக்குத்தான் ஆளில்ல."

வெளிய இன்னும் குருவிச் சத்தம் இல்ல. அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் தெரியாது.

"நாளைக்குப் போயி அவகிட்ட என்ன கேக்கட்டும்?"

"எதுல போவீங்க?"

"பஸ்ஸுலதான். ரிட்டயர் ஆனவங்களுக்குப் பாஸ் இருக்கு. அந்த ரூட்டுல எல்லாருக்கும் என்னையத் தெரியும். ஏறுனாலே கண்டக்டர் எந்திரிச்சு முன் சீட்டக் கொடுத்துருவான்."

அம்மா கைய நீட்டினாங்க.

"பாஸ் இங்க இருக்கட்டும். டிக்கெட் எடுத்து, பின்னாடி உக்காந்து போங்க."

தனக்கோடியோட கை தன்னால சட்டைப் பையத் தடவிக்கிட்டு இருந்துச்சு.